பத்தொன்பது அம்மாக்களும் ஒரே கையெழுத்தும்

“இதுல எது யாரோட அம்மா எழுதினதுன்னு நீங்களே பிரிச்சுச் சொல்லுங்க பாப்போம், டீச்சர்.”

ஆசிரிய ஆலோசகர் சிங்கராயர் பத்தொன்பது வாசிப்புக் கொப்பிகளை மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் பிளேன்டீ குடித்து, வரவு இடாப்பில் ஒரு கையெழுத்துப் போட்டு, மழைக்கு முன்னால் இறங்கிவிடுவார்கள். இந்த மனுஷன் ஒவ்வொரு கொப்பியையும் எழுத்து எழுத்தாகப் பார்ப்பார் என்று ஜீவராணி கனவிலும் நினைக்கவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். பத்தொன்பதும் ஒரே எழுத்து. ஒரே ஆள் ஒரே இருப்பில் இருந்து எழுதியதுபோல இருந்தது.

“ஒரே மாதிரித்தான் இருக்கு, சேர்.”

“ஒரே மாதிரி இருக்குறது கெடக்கட்டும். யார் மாதிரி இருக்கு?” சிங்கராயர் கரும்பலகையைக் கையால் காட்டினார்.

கரும்பலகையில் காலையில் அவள் எழுதிய பாடம் அழியாமல் இருந்தது. ஜீவராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. ழகரத்தின் வாலை அப்படியே விட மாட்டாள். ஒரு சுழி சுழித்து அடுத்த எழுத்தின் காலடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவாள். பதுளைத் தபால் பெட்டியில் ஆயிரம் கடிதம் கிடந்தாலும் அவளுடையதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். அதே வால், அதே சுழி, ‘முப்பத்தேழாம் பக்கம் முடிந்தது’ என்று பத்தொன்பது கொப்பியிலும் நீண்டுகொண்டு கிடந்தது.

“சேர், சத்தியமா நான் எழுதல.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே, டீச்சர்” என்றார் சிங்கராயர். அந்த மரியாதைதான் அவளைப் பயமுறுத்தியது.

விஷயம் இதுதான். நமுனுகுல மலையில், பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கு அப்பாலும் இரண்டு மைல் ஏறினால் வருகிற தோட்டப் பள்ளிக்கூடம் அது. மூன்றாம் தரத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் போதாது என்று ஜீவராணி ஒரு திட்டம் போட்டாள். தினமும் வீட்டில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். வாசித்த விதத்தைப் பற்றி அம்மா இரண்டு வரி எழுதிப் பெயர் போட வேண்டும். பெற்றோர் கூட்டம் வைத்துத்தான் இதைச் சொல்ல இருந்தாள். கூட்டத்தன்று மண்சரிவு எச்சரிக்கை வந்து பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்தது. ஆகவே பிள்ளைகளிடமே வாயால் சொல்லி அனுப்பினாள். இரண்டு மாதமாகக் கொப்பிகள் ஒழுங்காக எழுதப்பட்டு வந்துகொண்டிருந்தன. அவளும் சந்தோஷத்தில் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சரியாகப் பார்க்காமல் சிவப்பு மையில் சரி போட்டுக்கொண்டே இருந்தாள்.

“இன்னொண்ணு” என்று சிங்கராயர் முன்வரிசையில் இருந்த சஜீவனியைக் கூப்பிட்டார். “இந்தப் புள்ள முப்பத்தஞ்சாம் பக்கத்தைத் தடங்கல் இல்லாம வாசிச்சதா எழுதியிருக்கு. எங்க, வாசி மகள்.”

சஜீவனி புத்தகத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் டீச்சரைப் பார்த்தாள். முதல் வரியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

“வீட்டுல அவ்வளவு நல்லா வாசிக்கிற புள்ள இங்க வந்து ஏன் இப்படி முழிக்குது?” என்று கேட்டுவிட்டு சிங்கராயர் எழுந்தார். “அடுத்த புதன்கிழமை வாறேன். உங்க நியமனத்த உறுதிப்படுத்துற அறிக்கைய அன்னைக்குத்தான் எழுதணும். அதுக்குள்ள இதுக்கு ஒரு விளக்கம் தேடி வைங்க.”

அவ்வளவுதான். மூன்று வருஷம் தகுதிகாண் காலம் ஓட்டி, அட்டை கடித்து, மழையில் நனைந்து, நியமனம் உறுதியாகும் நேரத்தில் அம்மாமாருடைய எழுத்தைத் தானே எழுதிய டீச்சர் என்ற பெயர். ஜீவராணிக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகையைவிட ஒரு பங்கு கூடுதலாக வந்தது, யார் எழுதியிருப்பார்கள் என்கிற குறுகுறுப்பு.

வியாழக்கிழமை காலையே விசாரணையை ஆரம்பித்தாள்.

“தனுஜா, இத யாரு எழுதுனது?”

“அம்மா, டீச்சர்.”

“சஜீவனி, உன்னோடத?”

“அம்மாதான், டீச்சர்.”

பத்தொன்பது பேரிடமும் கேட்டாள். பத்தொன்பது அம்மா. இவர்களுக்குள் ஏதோ பெரிய கூட்டு இருக்கிறது என்று அவள் முடிவு செய்தாள். ஏனென்றால் தனுஜாவின் அம்மா வேலாயி பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று படிவத்தில் பெருவிரலைத்தான் உருட்டினாள். அவள் மட்டுமல்ல, இந்த அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் ஆசிரியர் இல்லாமல் இந்தப் பள்ளிக்கூடம் ஆறு வருஷம் பூட்டிக் கிடந்ததாம். மறுபடி திறந்தபோது அவர்கள் கையில் கொழுந்துக்கூடை வந்துவிட்டது.

அப்படியானால் பிள்ளைகளே எழுதியிருக்க வேண்டும். எல்லோருக்கும் தாள் கொடுத்து, ‘முப்பத்தேழாம் பக்கம் முடிந்தது’ என்று எழுதச் சொன்னாள். வந்த எழுத்துகள் நாலு பக்கமும் ஓடின. ஒரு ழகரம் தலைகீழாக நின்றது. பிள்ளைகள் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது, பயம் இரட்டிப்பானது.

அன்று மாலை பஸ்ஸில் போகும்போது தன் வலது கையை ஒரு தரம் நன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். தனக்கே தெரியாமல் எழுதியிருப்போமோ என்றுகூட ஒரு எண்ணம் வந்து போனது.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு யோசனை உதித்தது. தன் எழுத்தையே மாற்றிவிட்டால்? வாலை வெட்டி, எழுத்தை வலது பக்கம் சாய்த்து எழுதினால் புதன்கிழமை சிங்கராயர் கரும்பலகையையும் கொப்பியையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டுமே! முப்பது வயதில் எழுத்துப் பழகுவது லேசல்ல. அன்றிரவு அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் எழுதிப் பழகினாள். வெள்ளிக்கிழமை கரும்பலகை முழுக்கச் சாய்ந்த எழுத்து.

“டீச்சர், எழுத்தெல்லாம் விழுகுது” என்றாள் தனுஜா.

“இனிமே இப்படித்தான். பாத்து எழுதுங்க.”

திங்கட்கிழமை கொப்பிகள் வந்தன. ஜீவராணி முதல் கொப்பியைத் திறந்தாள். மூடினாள். இரண்டாவதைத் திறந்தாள்.

எல்லாம் வலது பக்கம் சாய்ந்திருந்தன. வால் ஒன்றுகூட இல்லை. அவளுடைய புது எழுத்தைவிடக் கொஞ்சம் அழகாகவே இருந்தது என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அதிபர் புவனேந்திரன் ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருக்கிற மனுஷர். யாருக்கும் எதிலும் சங்கடம் வராமல் அந்த எட்டு மாதத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் கொள்கை. அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“எழுதச் சொன்னாத்தானே பிரச்சின?” என்றார் அவர். “கைநாட்டுப் போதும்னு சொல்லிடுங்க. பெருவிரல யாரும் பாத்து எழுத ஏலாதுல்ல?”

எவ்வளவு சுலபம்! ஜீவராணி வகுப்புக்கு ஓடிப்போய் அறிவித்தாள். “இன்னையிலேருந்து அம்மா எழுத வேணாம். ரேகை வச்சாப் போதும்.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அம்மா ஏசும், டீச்சர்” என்றாள் சஜீவனி மெதுவாக.

ஏசியது. செவ்வாய்க்கிழமை காலை அவள் மலையேறி வந்து சேர்வதற்கு முன்பே, காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் வேலாயி அதிபரின் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

“உங்க மேல பெட்டிசன் வந்திருக்கு, டீச்சர்” என்றார் புவனேந்திரன். அவர் முகம் பாகற்காய் தின்றதுபோல இருந்தது. “வந்த பெட்டிசன நான் ஒபீஸ் கோவையில போட்டே ஆகணும். ஆனா போடுறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். உங்க மேல நீங்களே ஏன் பெட்டிசன் எழுதுனீங்க?”

ஜீவராணி தாளை வாங்கிப் படித்தாள்.

‘மதிப்புக்குரிய அதிபர் ஐயா, இரண்டு மாதமாக நாங்கள் ஒரு நாளும் தவறாமல் எழுதுகிறோம். எங்கள் மேல் என்ன பிழை? நாங்கள் கைநாட்டு வைக்க மாட்டோம். ஜீவராணி டீச்சருக்குச் சொல்லவும்.’ கீழே பத்தொன்பது பெயர்கள். எல்லாம் வலது பக்கம் சாய்ந்து, அவளுடைய சொந்தக் கையால் எழுதியது மாதிரியே இருந்தன.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

“சேர், நாளைக்குப் பத்தொன்பது பேரையும் கூப்பிடுங்க. ஆலோசகருக்கு முன்னாலயே எழுதிக் காட்டட்டும். எழுதத் தெரியலைன்னா இந்த வேலைய விட்டுட்டு நான் போயிடுறேன்.”

“எட்டு மாசம்” என்று முனகிக்கொண்டே அதிபர் ஆளனுப்பினார்.

புதன்கிழமை பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு பெண்கள் வந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கு இன்னும் நனைந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, பிள்ளைகளுடைய சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சுவரோரமாகத் தங்கள் தங்கள் அம்மாவுக்குப் பின்னால் நின்றார்கள்.

வேலாயி சீப்பு வைத்துத் தலையை ஒழுங்காக வாரியிருந்தாள். அகஸ்டினா, சஜீவனியின் அம்மா, கழுத்தில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஜீவராணிக்கு அந்த முகங்களைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. ஆண்டு இறுதிப் பரீட்சையன்று பிள்ளைகளின் முகத்தில் தெரிகிற அதே கலவரம்.

சிங்கராயர் தாள்களைப் பகிர்ந்தார். “நான் சொல்றத எழுதணும். ஒருத்தர் தாள ஒருத்தர் பாக்கக் கூடாது.”

“பாக்க மாட்டோம், சேர்” என்றார்கள் பத்தொன்பது பேரும் ஒரே குரலில்.

“எங்கள் ஊரில் இன்று காலை மழை பெய்தது.”

அறை முழுக்கப் பேனை ஊர்கிற சத்தம். பச்சைக் கறை படிந்த விரல்கள் பேனையை நசுக்கிவிடுகிற மாதிரிப் பிடித்திருந்தன. வேலாயி நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ‘ழ’ வந்த இடத்தில் அவள் கை சற்று நின்றது. பழைய பழக்கத்தில் வாலை இழுக்கப் போனவள், பின்னால் நின்ற தனுஜா செருமியதும் சுதாரித்துக்கொண்டாள்.

சிங்கராயர் ஒவ்வொரு தாளாக எடுத்தார். எடுத்து, கரும்பலகையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“இத உங்களுக்கு யாரும்மா கத்துக் குடுத்தது?”

“இவதாங்க” என்று வேலாயி தன் மகளைக் காட்டினாள். “டீச்சர் போர்ட்ல எழுதுற மாதிரியே வரணும்பா. கொஞ்சம் கோணுனாலும் அழிச்சுட்டுத் திரும்ப எழுதச் சொல்லுவா. டீச்சர் சாய்ச்சு எழுதுறாங்கன்னு சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சாய்ச்சு எழுத வச்சு கைய ஒடிச்சிட்டா.”

ஜீவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் இப்படியா திறக்கும்! யாரோ தன்னைக் கவிழ்க்கிறார்கள் என்று நினைத்துச் சந்தேகப்பட்ட அத்தனை பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதிபர் தன் பங்குக்குக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

சிங்கராயரும் இளகிப்போனார். “டீச்சர், நான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிடுங்க” என்று சொல்லி, அறிக்கைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். நியமனத்தை உறுதிப்படுத்தலாம் என்று எழுதினார். மாணவர் வாசிப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தார். அன்றைக்கு முழித்த சஜீவனி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“அம்மா இருக்கிற தைரியத்துல இப்ப வாசிப்பா. வா மகள், அதே முப்பத்தஞ்சாம் பக்கம்.”

சஜீவனி புத்தகத்தை வாங்கினாள். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். சின்னக் கதிரையில் இருந்த அகஸ்டினா எட்டிப் பார்த்தாள். அப்படியே முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பக்கத்தின் கடைசி வரைக்கும் கணீரென்று வாசித்து முடித்தாள். முடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல மகளைப் பார்த்தாள். சஜீவனி பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாள்.

“அருமையா வாசிக்கிறீங்கம்மா” என்றார் சிங்கராயர். “ஆனா நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது. வாசிப்புக் கொப்பி புள்ளைங்களுக்குத்தானே, புள்ளைய வாசிக்க விடுங்க.”

அகஸ்டினா திகைத்துப்போய் வேலாயியைப் பார்த்தாள். வேலாயி மற்றவர்களைப் பார்த்தாள். சுவரோரமாக நின்ற பிள்ளைகள் பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

அகஸ்டினா சின்னக் கதிரையில் இருந்து மெல்ல எழுந்து கேட்டாள்:

“அப்ப இந்த ரெண்டு மாசமா தெனம் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னது… எங்களை இல்லையா, டீச்சர்?”