உறை பிரிக்காத நாவல்

வாசகரைக் கலங்கடிக்கும் நாவல் ஒன்றுக்கு இவ்வாண்டிலிருந்து பரிசு வழங்குவதென நூலகத் துறை முடிவெடுத்தது. நாவல் இருண்டதாக இருக்க வேண்டும். எளிதில் பிடிபடக் கூடாது. தேர்வுக் குழுவினர் கலங்கியிருப்பது அவசியம்.

குழுவுக்கு இயக்குநர் தலைவர். உறுப்பினர்கள் ஒரு பேராசிரியர், ஒரு விமர்சகர், பதவியை முன்னிட்டு நூலகக் கண்காணிப்பாளர்.

கண்காணிப்பாளர் செய்த ஒரே தவறு, வந்த நாவல்களைப் படித்தது. அவற்றில் ஒன்று அவரை உலுக்கி எடுத்துவிட்டது. பிணவறை ஊழியன் ஒருவன், யாரும் தேடி வராத உடல்களுக்குத் தலை வாரிவிடுகிறான். ஒரே வாக்கியம் முற்றுப்புள்ளி இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடி மூச்சு முட்ட வைக்கிறது. முடித்த கையோடு, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த தம்பிக்கு ஃபோன் போட்டார்.

"என்னண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான் தம்பி.

"ஒண்ணுமில்லடா. சாப்பிட்டியா?"

இந்த நாவலுக்குத்தான் பரிசு வாங்கித் தருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

"முதல் நாவல்ல நாப்பதாவது பக்கத்தத் தாண்ட முடியல. அவ்வளவு கனம்" என்றார் பேராசிரியர்.

விமர்சகர் இளக்காரமாகப் பார்த்தார். "நாப்பது வரைக்கும் போனீங்களா? ரெண்டாவது நாவல்ல எனக்கு முன்னுரையிலயே நெஞ்சடைச்சிருச்சு."

அப்படியானால் இரண்டாவதே மேல் என்று பேராசிரியர் பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார்.

"நீங்க?" என்றார் இயக்குநர்.

"நான் முழுசாப் படிச்சேன் சார்."

இயக்குநர் டீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"முழுசாவா? புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். அழுதுட்டேன்."

"உங்களுக்கே புரிஞ்சா எழுதினவர் கோட்டை விட்டுட்டார்னு அர்த்தம். எந்த நாவல்? அத முதல்ல தள்ளிடுவோம்."

கண்காணிப்பாளர் சுதாரித்துக்கொண்டார். "நாவல் இல்ல சார். நம்ம பரிசு விதிமுறைகளச் சொன்னேன்."

"அடேங்கப்பா! அது எனக்கே புரியலயே" என்று இயக்குநர் மகிழ்ந்தார்.

இயக்குநருக்கு வந்த பிணவறை நாவல், உறைகூடப் பிரிக்கப்படாமல் அவருடைய டீ கோப்பைக்கு அடியில் கிடந்தது. அனுப்பியவர் பெயரைக் கண்காணிப்பாளர் அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், இதப் பிரிக்கவே முடியாம நீங்க தவிச்சத நான் கண்ணால பாத்தேன்."

இயக்குநர் உறையைப் பார்த்தார். யோசித்தார்.

"ஆமாய்யா. கையே நடுங்கிருச்சு. வெளிய சொல்லிக்கல."

நாற்பதாம் பக்கமும் முன்னுரையும் தலை குனிந்தன. பிரிக்கப்படாத நாவலுக்கே பரிசு என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாரேனும் முழுதாகப் படித்தது தெரியவந்தால் பரிசு திரும்பப் பெறப்படும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

நாவல் அமோகமாக விற்றது. பதிப்பாளர் கண்ணாடித் தாளை இரண்டு சுற்று சுற்றி விற்றார். வாசகர் வட்டங்கள் கூடி, புத்தகத்தை நடுவில் வைத்து, பிரிக்க முடியாமல் கலைந்தன.

பரிசளிப்பு விழா முடிந்ததும் எழுத்தாளர் கண்காணிப்பாளரை ஓரமாக அழைத்தார்.

"சார், உண்மையச் சொல்லுங்க. ஒரு ஆளாவது முழுசாப் படிச்சாங்களா?"

அந்தத் தலை வாரும் இடம் கண்காணிப்பாளரின் தொண்டைவரை வந்தது. பக்கத்திலேயே இயக்குநர் நின்றிருந்தார்.

"இல்லங்க" என்றார். "யாராலயும் பிரிக்கவே முடியல."

எழுத்தாளர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

"நல்லவேளை. யாருக்காவது புரிஞ்சிருக்குமோன்னு பயந்துட்டே இருந்தேன்."