ஸ்பானர் அண்ணையின் பிஸ்கட் புடிங்

கிறீம் பிஸ்கட்டை அப்படியே கடித்துத் தின்பவன் மனிதனே இல்லை என்ற கொள்கையோடு வாழ்ந்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். நெடுங்கேணியில் உழவு மெசின் திருத்துகிற ஸ்பானர் அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். அவரது கராச்சுக்குப் பின்னால் இருந்த அறையில் நான் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன்.

பின்னேரத் தேநீரோடு ஒரு பைக்கற் சொக்லேட் கிறீம் பிஸ்கட் உடைப்பார். பிஸ்கட்டை இரு விரலால் பிடித்து, போத்தல் மூடி கழற்றுவதுபோல் திருகுவார். கிறீம் முழுவதும் ஒரு பக்கத்தில் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் அது காகத்துக்கு. அந்த நேரம் வயலிலிருந்து கமக்காரர் யாரும் பதறி ஓடிவந்தாலும் அசையமாட்டார்.

"அண்ணை, மெசின் சேத்துக்குள்ள நிக்குது!"

"நிக்கட்டும், எங்க ஓடப்போகுது? இஞ்ச பாருங்கோ, இப்பிடித் திருகவேணும்."

ஒருநாள் அவரை வவுனியாவில் ஒரு கூல்பாருக்குக் கூட்டிப்போனேன். குக்கீஸ் அன்ட் கிறீம் ஐஸ்கிறீம் வந்தது. கறுப்புத் துண்டுகளைக் கிளறிப் பார்த்தவர், பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஆர் இதைக் கழட்டினது? திரும்பப் பூட்டத் தெரியாதவன் ஏன் கழட்டினவன்?"

திட்டித் திட்டியே மூன்று கோப்பை சாப்பிட்டார். பஸ்ஸில் திரும்பினோம். புளியங்குளம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "இதை நான் செய்வன்" என்றார்.

அதற்கு நாளும் வந்தது. அண்ணைக்கு வயது நாற்பத்திரண்டு. நாலு சம்பந்தம் பேசி நாலும் குழம்பியிருந்தது. போன வீடெல்லாம் பிஸ்கட் தட்டு வந்தவுடன் பெண்வீட்டாருக்குத் திருகப் பழக்கினால் வேறென்ன நடக்கும்? ஐந்தாவது இடம் முல்லைத்தீவுக் கரையில், கடல்தொழில் செய்கிற குடும்பம். பெண்ணும் தகப்பனும் ஞாயிறு பூசை முடிய வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இதுவும் தட்டிப்போனால் இனி நான் ஒரு இடமும் பேசமாட்டன் தம்பி" என்றார் அண்ணை. அந்தக் குரலில் பகிடி இல்லை.

ஞாயிறு விடிய எழும்பி, கூல்பாரில் கண்டதைப் பிஸ்கட் புடிங்காகச் செய்ய இறங்கினார். பிஸ்கட் நொறுக்க மிக்சி சரிவராதாம். தடித்த பையில் போட்டுக் கட்டி, உழவு மெசினை ஓட்டி, சில்லை மெதுவாக அதன்மேல் ஏற்றி இறக்கினார். "மெல்ல, மெல்ல!" என்று கத்தி வழிகாட்டியவன் நான். கிறீமும் நொறுக்கலுமாக அடுக்கிப் பிரிட்ஜில் வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, கரண்ட் நின்றுவிட்டது. அண்ணை பறந்துபோய், மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவரின் ஐஸ் பெட்டியை இரவல் வாங்கிவந்தார்.

"அண்ணை, மீன் மணக்கும்."

"எனக்குக் கழுவப் பழக்கிறீரோ?"

இருபது வருடம் எஞ்சின் சாமான் கழுவிய கை அது. பெட்டியை அடிமுதல் மூடிவரை டீசலால் கழுவி, அதற்குள் ஐஸைக் கொட்டிப் புடிங்கை வைத்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள். புடிங்கும் வந்தது. தகப்பன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையை முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது பாரைமீன் எல்லே?"

"மீன் மட்டுமில்லை அப்பா, டீசலும்" என்றார் பெண். "எங்கட வள்ளத்தில இருந்து சாப்பிடுற மாதிரி இருக்கு."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அண்ணை எதையும் மறைக்கவில்லை. ஐஸ் பெட்டி, டீசல், மெசின் சில்லு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார்.

"நல்லாச் செய்யவேணும் எண்டுதான் விடிய எழும்பினனான். பழுதாப் போச்சு."

பெண் சிரிக்கத் தொடங்கினார். புரையேறி, தகப்பன் முதுகில் தட்டும்வரை சிரித்தார். "யோசிச்சுச் சொல்லுறம்" என்று தகப்பன் எழும்ப, இருவரும் புறப்பட்டுவிட்டார்கள். அண்ணை கராச்சுக்குள் போய் ஒரு பழைய டயரில் குந்திவிட்டார்.

பின்னேரம் தகப்பனின் அழைப்பு வந்தது. அண்ணை போனை என்னிடம் நீட்ட, நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"பிள்ளைக்கு விருப்பம். பொய் சொல்லத் தெரியாத மனுசனாம். ஒண்டு மட்டும், சமைக்கிறன் எண்டு குசினிப் பக்கம் வரக்கூடாதாம்."

அண்ணை விக்கி விக்கி அழுதார். பிறகு எழும்பிப்போய் மிச்சப் புடிங்கைச் சட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சாப்பிடும் தம்பி. என்ர ஆளெண்டு நீர்தானே இருக்கிறீர்."

ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அந்த மனிதர் கையால் தந்தால் நாளைக்கும் சாப்பிடுவேன்.