பன்னிரண்டாம் சீடரின் கால்

சமத்துவத்தை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன முதல் ஸ்தாபனம் எங்கள் புதுச்சேரி ‘பணிவொளி’ நாடகக் குழுதான். இதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. எங்களிடம் எல்லோருக்கும் ஒரே கெட்டிலில்தான் டீ. முதலாளியும் கதாநாயகருமான கிறிஸ்துதாஸ் அண்ணனுக்குப் பீங்கான் கோப்பை, நடிகர்களுக்குக் கண்ணாடி டம்ளர், துணி தைக்கும் எனக்கும் மேடை கட்டும் லூர்துபிரகாஷுக்கும் காகிதக் கப். டீ ஒன்றேதான். எங்களிடம் வரும்போது ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

தவக்காலம் வந்தால் இயேசுவின் பாடுகளை நடிப்போம். அண்ணன்தான் இயேசு. அந்தப் பொறுப்புக்கு இதுவரை வேறு யாரும் ‘தகுதி’ பெறவில்லை. இந்த வருடம் மூலக்குளத்தில் நாடகம் நெருங்கிய நேரத்தில், பன்னிரண்டாம் சீடராக நடிக்கும் ஜெர்ரி விசா கிடைத்துப் பாரிஸுக்குப் போய்விட்டான். அவனுடைய அங்கி லூர்துபிரகாஷுக்கு மட்டுமே பொருந்தியது. வசனம் கிடையாது, உட்கார்ந்திருந்தால் போதும். லூர்துபிரகாஷ் உடனே தேங்காய்த்திட்டுக்குப் போன் போட்டு மனைவி ரூபியிடம் சொல்லிவிட்டார்: அண்ணன் தன் காலைக் கழுவப் போகிறார், பிள்ளையோடு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

அதைக் கேட்ட பிறகுதான் அண்ணனுக்கே ஞாபகம் வந்தது. இராவுணவுக் காட்சியில் இயேசு எல்லாச் சீடர்களின் கால்களையும் கழுவ வேண்டும்.

‘தொழில் நெறிக் குழு’ அவசரமாகக் கூடியது. செயலாளர் மதாம் பெர்னதெத் தலைமை தாங்கினார்.

“மனுஷங்கள்ல நான் வித்தியாசம் பாக்கறவன் இல்ல மதாம்,” என்றார் அண்ணன். “ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு அவன நான் எப்படி வேல வாங்குவேன்?”

இந்த வாதத்தின் ஆழத்தில் குழு சற்று நேரம் மூழ்கிக் கிடந்தது. லூர்துபிரகாஷ் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்றார் மதாம். இயேசு காலத்தில் சாக்ஸ் இல்லை என்று ஒருவர் மறுத்தார். பதினொரு சீடர்களோடு நிறுத்திக்கொள்வது பற்றியும் பேசினார்கள். பங்குச் சாமியார் எண்ணிப் பார்ப்பார் என்பதால் கைவிட்டார்கள். கடைசியில் ‘டூப்’ என்று முடிவானது. சினிமாவில் குதிப்பதற்கு டூப் போடுகிறார்கள். நாடகத்தில் குனிவதற்குப் போடக் கூடாதா?

டூப் போடுகிறவர் லூர்துபிரகாஷைவிடக் கீழ்நிலை ஊழியராக இருக்க வேண்டும் என்பது விதி. சல்லடை போட்டுத் தேடியதில் நான் ஒருத்திதான் தேறினேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு இதைவிடப் பெரிய பதவி உயர்வு எங்கே கிடைக்கும்? சில நொடிகளுக்கு நான் ஆண்டவர்.

நாடகத்தன்று அண்ணன் பதினொரு பேரின் கால்களைக் கழுவினார். இடி இடித்தது, விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது ஆண்டவர் அரையடி குள்ளமாகி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

லூர்துபிரகாஷிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் ஒட்டுத்தாடியையே பார்த்தார்.

“நீயா பாப்பா,” என்றார் மெதுவாக. பிறகு, “சரி, கழுவு. ரூபி பாத்துக்கிட்டு இருக்கா.”

கழுவினேன். மறுபடி இடி, மறுபடி இருட்டு, மறுபடி அண்ணன்.

இடைவேளையில் ரூபி பிள்ளையோடு மேடைக்குப் பின்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது. “உங்க கையால அவரு காலக் கழுவுனீங்களேய்யா,” என்றாள்.

அண்ணன் தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். “இதுல என்னம்மா இருக்கு. எல்லாரும் ஒண்ணுதானே.”

ரூபி கணவரைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். நான் ஈர அங்கியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மணி அடித்தது. அடுத்தது சிலுவைக் காட்சி. ஏற்ற பதவியின் கடமைகளைத் தெரிந்துகொள்வது தொழில் நெறி என்பதால் கேட்டேன்: “அண்ணே, சிலுவைக்கும் நானே வரணுமா?”

“சேச்சே. பத்தடி ஒசரம்மா அது. ஊரே அண்ணாந்து பாக்கும். அதுக்கு எதுக்கு டூப்பு?”

அண்ணன் தாமே சிலுவையில் சாய்ந்தார். கயிற்றை இழுத்து அவரை மேலே உயர்த்தியவர் லூர்துபிரகாஷ். அதற்கு எந்தக் குழுவும் கூடவில்லை.