அடுத்ததிலை பாப்பம்

வைத்திலிங்கம் பாலேந்திரா, பிறப்பு 1959, கரவெட்டி. 1986 முதல் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரவாசி. ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர்.

இவர் ஒரு தனிமனிதர் என்று எண்ணிவிடாதீர்கள், வாசகரே. இவர் ஓர் இனம். பெற்றோல் நிலையமோ, கழிப்பறையோ, தேநீர்க் கடையோ, கண்முன் தெரிவது எதுவாயினும் அதில் நிறுத்தாமல், அதைவிடச் சிறந்த ஒன்று அப்பால் தமக்கெனக் காத்திருக்கிறது என்ற அசையாத நம்பிக்கையோடு வண்டியைச் செலுத்தும் சாரதிகளின் இனம். அவர்களது மந்திரம் இரண்டே சொற்கள்: "அடுத்ததிலை பாப்பம்."

டென்மார்க்கில் இந்த மந்திரம் பலிக்கும். ஓல்போர்க் நோக்கிய பெருந்தெருவில் ஒன்றைத் தவறவிட்டால் சற்றைக்கெல்லாம் இன்னொன்று வந்து நிற்கும். நாடு சிறியது என்பதா காரணம், அல்லது தமது தீர்க்கதரிசனமா? பாலேந்திராவுக்கு ஐயமே இல்லை. தீர்க்கதரிசனந்தான்.

இப்பேர்ப்பட்டவரைக் கனடாவின் சமவெளியில் விட்டால் என்ன ஆகும்?

கடந்த ஆனி மாதக் கடைசியில் விட்டார்கள். வின்னிபெக்கில் வாழும் அக்காள் மகன் கபிலனுக்குக் கல்கரியில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் விமானத்தில் பறந்தார்கள். மணமகள் உடுத்தித் தாலி ஏற்க வேண்டிய கூறைச்சேலையை என்ன செய்வது? "சூட்கேஸ் துலைஞ்சா ஆர் பொறுப்பு? நான் காரிலை பத்திரமாக் கொண்டாறன்" என்றார் குடும்பத்தோடு டென்மார்க்கிலிருந்து வின்னிபெக் வந்திருந்த பாலேந்திரா. கையிலேயே கொண்டுபோகலாமே என்று எவரேனும் கேட்பதற்குள், வாடகைக் காரின் திறப்பு அவர் கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை முகூர்த்தம். பகல் முழுதும் வண்டி ஓடியது. மாலையில், ஒரு சிற்றூரின் எல்லையில், அடுத்த பெற்றோல் நிலையம் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் என்றது ஒரு பெரிய பலகை. பின்னாசனத்திலிருந்த மகள் தனுசியா அதை உரக்க வாசித்தாள்.

"ஸ்தொப் நு, இப்பவே நிப்பாட்டுங்கோ, அப்பா! பெற்றோல் முள்ளும் கீழை வந்திட்டுது."

"உவங்கள் சும்மா பயப்பிடுத்துறாங்கள், பிள்ளை. நூறு கிலோமீற்றர் ஓடினா கடலே வந்திடும். அதுக்கிடையிலை ஒரு பெற்றோல் ஷெட் இல்லாமலே போகும்?"

"இஞ்சை எந்தக் கடல்?" என்றார் மனைவி ஞானேஸ்வரி.

"அடுத்ததிலை பாப்பம்."

இருபுறமும் மஞ்சள் பூத்த வயல்கள். ஒரு மரம்கூட இல்லை. முள் இன்னும் தாழ்ந்தது. "அந்தா தெரியுது! நான் சொன்னனான் எல்லோ?" என்று தொடுவானத்தைச் சுட்டினார் பாலேந்திரா. ஆனால் அந்தச் சமவெளியில் தெரிவதெல்லாம் உடனே வந்துவிடுவதில்லை. வெகுநேரம் கழித்து வந்தது. தானியக் களஞ்சியம். அதற்குச் சற்று அப்பால் வண்டி இருமுறை செருமிவிட்டு நின்றது. மூவரின் கைத்தொலைபேசிகளுக்கும் அங்கே சிக்னல் கிட்டவில்லை.

ஞானேஸ்வரி கூறைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரப் புல்லில் அமர்ந்தார்.

"கூறை இல்லாமல் பொம்பிளை மணவறைக்கு வரேலாது. அப்ப என்ன, அடுத்த கலியாணத்திலை பாப்பமோ?"

பாலேந்திரா தம் வாழ்நாளில் முதன்முறையாக முன்னாலன்றிப் பின்னால் பார்த்தார். அந்தத் திசையிலிருந்துதான் உதவி வந்தது: விக்ரோரியா என்ற உழவர் பெண்மணி, பழைய பிக்கப் வண்டியில், ஒரு கலன் பெற்றோலோடு.

"அந்தப் பலகையை நீங்கள் பார்க்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அவர்.

"பார்த்தோம். நம்பவில்லை" என்றாள் தனுசியா.

திறப்பு கைமாறியது. ஞானேஸ்வரி எடுத்தார், தனுசியா ஓட்டினாள், கண்ணில் பட்ட ஒவ்வொரு நிலையத்திலும் நிறுத்தினாள். பாலேந்திரா பின்னாசனத்தில் கூறையைத் தாங்கிக்கொண்டு வந்தார். பத்திரமாகக் கொண்டுவருவேன் என்ற சொல் அவ்வகையில் பொய்க்கவில்லை. மணமகளுக்குத் தலை பின்னி முடிந்த வேளையில் சேலை அவள் கைக்குச் சேர்ந்தது.

"பயணம் எப்பிடி, மாமா?" என்று கேட்டான் கபிலன்.

"ஒரு கரைச்சலும் இல்லை, மருமோன். ஊருகளைத்தான் உவங்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைச்சிட்டாங்கள்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள், வாசகரே: உங்கள் வண்டியின் பின்னாசனத்திலிருந்து "இதிலை நிப்பாட்டுங்கோ" என்று கடைசியாக ஒரு குரல் எழுந்தபோது, உங்கள் வலது கால் எந்த மிதியின்மேல் இருந்தது?

பாலேந்திரா கடைசியாக ஒரு பெற்றோல் நிலையத்தை நிறுத்தாமல் கடந்து சென்றது, டென்மார்க்கில் விபோர்க் செல்லும் வழியில், பெற்றோல் தீர்கிறது என்ற சிவப்பு விளக்கு வண்டியில் எரிந்துகொண்டிருக்க, 2025 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை.