கொடைக்கானல் போகாத படலம்

வாழி மாமதுரை! வாழி அதன் மேற்கே கண்மாயும் கரும்புமாய் விரிந்து கிடக்கும் நன்னிலம்! அந்நிலத்தே செக்கானூரணி தாண்டி ஒரு சிற்றூரில் வாழ்பவளும், பதினான்கு ஆண்டுகளாய் வீட்டார் அனைவரும் உண்டு, கை கழுவி, ஏப்பம் விட்டுச் சாய்ந்த பின்னரே தன் தட்டை எடுத்தவளும், சட்டியின் அடியில் மிஞ்சிய ஒற்றைக் கத்தரிக்காயையும் "யாருக்காச்சும் வேணுமா?" என்று மும்முறை ஏலம் விட்டு, கேட்பாரில்லை என்று உறுதியான பிறகே தனதாக்கிக்கொண்டவளும், கரண்டியேந்திய கரத்தாளும், கொதிக்கும் சட்டியை வெறும் விரலால் இறக்கி வைக்கும் வல்லமையாளும், அழகுபாண்டியின் மனைவியுமாகிய தமிழ்ச்செல்வியின் புகழ் பாடப் புகுந்தோம். குழம்புக் கொப்பரையில் எழும் நறும்புகையே, எம் நாவில் வந்து அமர்க! காரம் கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்க.

பிள்ளைகள் இருவரும் பள்ளி விடுமுறைக்கு அம்மாச்சி வீடு போயிருந்த வைகாசித் திங்களில், கரும்பு வெட்டி முடித்த களிப்பில் மனம் இளகிய அழகுபாண்டி, "கொடைக்கானல் போயிட்டு வருவமா?" என்று திருவாய் மலர்ந்தான். கல்யாணமாகி அவன் கேட்ட முதல் ஊர்ப்பயணக் கேள்வி அது. கேட்ட மாத்திரத்தில் அடுப்பங்கரை வாசற்படியில், அகப்பையே செங்கோலாய், அரிசி களைந்த ஈரமே அபிடேக நீராய் நின்றபடி, எட்டுத் திக்கும் நடுங்க அவள் சபதம் உரைத்தாள்:

"மலையும் வேணாம், ஏரியும் வேணாம். அந்த வளைவு ரோட்டுல வாந்தி எடுக்கவா காசு குடுத்துப் போகணும்? நான் உக்கார்ந்த எடத்துக்குச் சோறு வரணும். மூணு நாளைக்கு ஒரு ஆளுக்குக்கூட நான் கரண்டி பிடிக்க மாட்டேன். அம்புட்டுத்தான்."

உக்கார்ந்த இடத்துக்குச் சோறு வரும் ஊர் மதுரையை விட வேறுண்டோ? ஆகவே மதுரைக்கே மூன்று நாள் உல்லாசப் பயணம் என்று முடிவாயிற்று.

'அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே, பொய் எதற்கு?' என்று கேட்பீர்கள். சொந்தபந்தம் என்னும் நால்வகைச் சேனையை நீங்கள் அறியீர். தல்லாகுளத்தில், அரசு அலுவலகங்கள் அணிவகுத்த தெருவொன்றின் பின்புறம், அழகுபாண்டியின் உடன்பிறந்த அக்காள் சோலையம்மாள் கோட்டை கட்டிக் குடியிருக்கிறாள். மதுரை என்ற சொல் அவள் காதில் விழுந்தால் போதும், "வீடு இருக்கையில லாட்ஜா?" என்று ஒற்றைக் கணை விடுவாள், அக்கணை தைத்த அரை மணி நேரத்தில் தமிழ்ச்செல்வி அவள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். தம்பி பெண்டாட்டி விருந்தாளியாய் வந்தாலும் கூடத்தில் உட்காரலாகாது, நேரே அடுப்படிக்குள் நுழைவதுதான் மரியாதை என்பது அவ்வீட்டில் எவரும் எழுதி வைக்காத, எவரும் மீறாத சட்டம். அங்கே போய்க் கரண்டி பிடிப்பதற்குச் சொந்த வீட்டிலேயே பிடிக்கலாம்.

எனவே ஊருக்கு அறிவிக்கப்பட்டது கொடைக்கானல். இருவரும் இறங்கியது பெரியார் பேருந்து நிலையம்.

முதல் நாட்போரை எவ்வாறு விரித்துரைப்போம்! சூரியன் உச்சிக்கு ஏறுமுன் கறி தோசையின் கனத்த அரண் தகர்ந்தது. எலும்பு ரோஸ்டு என்னும் முள்வேலி நொறுங்கியது. கோலா உருண்டைகள் குண்டுகளாய் வந்து குவிந்து, வந்த வேகத்தில் காணாமற்போயின. அயிரைமீன் குழம்பின் செங்கடலில் பன் பரோட்டாக்கள் படகுகளாய் இறங்கி, ஒன்றும் கரையேறவில்லை. பகற்பொழுது சாய்வதற்குள் அழகுபாண்டி வேட்டியை இருமுறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினான். வைகைப் பாலத்தில் நின்று காற்று வாங்கினால் செரிக்கும் என்று யாரோ சொல்ல, போய் நின்றார்கள். ஆற்றில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை, திரும்பி வந்து பருத்திப்பால் குடித்தார்கள்.

ஆனால் தமிழ்ச்செல்வியை வென்றது கறியும் அல்ல, மீனும் அல்ல. முதல் உணவகத்தில் பரிமாறுபவர் குனிந்து, "அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. அழகுபாண்டிக்கு என்ன வேண்டும், மூத்தவனுக்கு எது ஆகாது, சின்னவளுக்கு எதில் காரம் குறைய வேண்டும் என்று உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பவள், தனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாய் யோசித்தாள். கண்ணில் நீர் முட்டியது. பக்கத்து மேசைச் சுக்காவில் மிளகு நெடி தூக்கல் என்று சொல்லிச் சமாளித்தாள்.

இரண்டாம் நாள் கடைவீதிப் படையெடுப்பு. சேலைக் கடையில் அறுபது சேலைகளை விரிக்கச் செய்து, விரித்த எதையும் எடுக்காமல், பொம்மை உடுத்தியிருந்ததையே உரித்துத் தரச் சொல்லி வாங்கி வந்த வெற்றியைப் பாட ஒரு தனிப்படலம் வேண்டும். அதைவிட அரியது அன்று மாலை நடந்த தந்திரப் போர். கொடைக்கானல் போனவர் வெறுங்கையோடு திரும்புவதுண்டோ? ஆகவே தம்பதியர் பேருந்தேறிப் பரவை மார்க்கெட்டுக்குச் சென்று, மலைப்பூண்டும் பேரிக்காயும் கேரட்டும் வாங்கினர். அங்கே, வாழ்நாளிலேயே மிகப் பெரிய பொய்யைச் சுமந்து நின்ற அழகுபாண்டி, பூண்டு வியாபாரியிடம் கேட்டான்:

"கொடைக்கானல் பூண்டுதானாண்ணே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பொய்யாப் போயிரக் கூடாது."

பின்னர் லாட்ஜ் வரவேற்பறையில், சுவரை அடைத்து ஒட்டியிருந்த அருவிப் படத்தின் முன்னே, நாற்பது பாகை வெயிலில், ஸ்வெட்டர் மாட்டி, காதை மப்ளரால் மூடி, வியர்வையை மலைச்சாரலென்று நம்பத்தக்க வகையில் முகத்தில் வழியவிட்டு ஒரு செல்பி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். அடுத்த நொடியே சோலையம்மாளின் மறுமொழி வந்தது: 'தமிழு மேலுக்குச் சால்வை இல்லயா. பனி ஆகாது. பத்திரம்.' அதைப் படித்ததும் தமிழ்ச்செல்விக்கு என்னவோ போலாயிற்று. நல்ல மனுஷியை ஏமாற்றுகிறோமே என்று அன்றைய ரசமலாய் பாதிதான் உள்ளே போயிற்று.

மூன்றாம் நாள் காலை. பன்னிரண்டு மணிக்கு ஊருக்குப் பேருந்து. இடையில் எஞ்சியது ஒரே ஒரு உணவு. கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் போகும் கூட்டமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் கூட்டமும் ஆட்டோக்களின் அலறலும் ஒன்றோடொன்று மோதுகிற முச்சந்தியருகே, ஜலீல் பாயின் உணவகத்தில் இறுதிப் பாசறை அமைந்தது. கை கழுவி, உள்கோடியில் தூணையொட்டிய மேசையில் அமர்ந்து, இட்லியும் குடல் குழம்பும் பின்னாலேயே ஜிகர்தண்டாவும் என்று ஆணை பிறப்பித்துவிட்டு, இன்னும் ஒரு வேளை தாண்டினால் சபதம் நிறைவேறிவிடும் என்ற நிம்மதியில் தமிழ்ச்செல்வி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்ட அந்த வேளையில்தான், வாசல் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு ஓர் உருவம் உள்ளே நுழைந்தது.

சோலையம்மாள்!

அழகுபாண்டியின் உடலில் மூன்று நாளாய்ச் சேர்ந்த கொழுப்பெல்லாம் ஒரு கணத்தில் உறைந்தது. காளை அடக்கிய குலத்தில் பிறந்த அந்த ஆடவன், பிளாஸ்டிக் உறையிட்ட மெனு அட்டையைக் கேடயமாய் முகத்துக்கு நேரே உயர்த்தினான். அது தலைகீழாய் இருந்தது. ஸ்வெட்டர்ப் பையையும் பூண்டுப் பையையும் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, "அசையாத தமிழு, மூச்சு விடாத" என்று போர்த்தந்திரம் உரைத்தான். சோலையம்மாளோ இவர்களைப் பாராமல், வாசலுக்குச் சமீபமாய், பக்கவாட்டில் முகம் தெரிய அமர்ந்து இட்லி சொன்னாள். வெளியேறும் வழி அவளைத் தாண்டித்தான். இனி அவள் உண்டு எழும்வரை முற்றுகைக்குள் அடங்கிக் கிடப்பதே வழி.

அடங்கிக் கிடந்திருந்தால் வென்றிருப்பார்கள். ஆனால் விதி ஒரு வேனில் வந்திறங்கியது. கல்யாணத்துக்குப் போகிற கூட்டமொன்று முப்பது பேராய் உள்ளே புக, பரிமாறுபவர்கள் அனைவரும் அத்திசையில் பாய்ந்தனர். சோலையம்மாளின் தட்டில் நான்கு இட்லிகள் வந்து சேர்ந்தன. குழம்பு வரவில்லை.

அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். எவரும் இல்லை. கையை உயர்த்தினாள். எவரும் காணவில்லை. சற்றுப் பொறுத்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, வெறும் இட்லியைப் பிட்டு, வாயில் போட்டு, மெல்லத் தொடங்கினாள்.

ஐயகோ, இது எத்தகைய அஸ்திரம்! தமிழ்ச்செல்வியின் நெஞ்சில் அந்த வெறும் இட்லி ஈட்டியாய் இறங்கியது. இரு மேசைகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் குழம்பு வாளி, கரண்டி சார்த்தி, ஆவி பறக்க, கேட்பாரற்று நின்றது. அவள் வலக்கை தானாய் ஒரு விரற்கடை நகர்ந்தது. இடக்கையால் அதைப் பற்றி மடியில் அழுத்தினாள். கண்ணை மூடினாள், மூடிய கண்ணுக்குள்ளும் வெறும் இட்லியே தெரிந்தது. பிள்ளைகளை நினைத்தாள், புதுச்சேலையை நினைத்தாள், பதினான்கு வருடத்தில் கிடைத்த மூன்றே நாளை நினைத்தாள். அங்கே சோலையம்மாளுக்கு இட்லி தொண்டையில் அடைத்து, லேசாய் விக்கியது.

தமிழ்ச்செல்வி எழுந்தாள்.

"போகாத தமிழு! இன்னும் ஒரு வேளைதான்!" என்று கேடயத்தின் பின்னிருந்து கணவன் கதறியதை அவள் செவிமடுத்தாளில்லை. முக்காலியை நோக்கி நடந்தாள்; வாளியின் காதைப் பற்றினாள்; எந்தக் கரம் மூன்று நாள் கரண்டி தொடேன் என்று சூளுரைத்ததோ, அந்தக் கரத்தாலேயே கரண்டியை முழுக்கி, அடியிலிருந்து துண்டு வருமாறு அள்ளி, எதிரியின் முன்னே போய் நின்றாள்.

"கொழம்பு ஊத்தவா மதினி?"

"ஒரு கரண்டி போதும்த்தா" என்றாள் சோலையம்மாள், பழகிய குரலுக்குப் பழகிய மறுமொழியாய், நிமிர்ந்தும் பாராமல். ஒரு வாய் குழைத்து உண்டாள். இரண்டாம் வாய் பாதி வழியில் நின்றது.

மெல்லத் தலை தூக்கினாள். வாளியோடு நின்ற தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். அவள் பின்னே தூணருகில் தலைகீழ் மெனு அட்டைக்கு மேல் தெரிந்த, தான் எண்ணெய் வைத்துச் சீவி வளர்த்த உச்சந்தலையைப் பார்த்தாள்.

"கொடைக்கானல்ல இருந்து எப்ப வந்தீங்க?"

"போகவே இல்ல மதினி." தமிழ்ச்செல்வி வாளியை இறக்காமலே சொன்னாள். "உங்க தம்பி மேல தப்பில்ல. நான்தான்... யாருக்கும் போடாம, மூணே மூணு நாளு, உக்காந்து சாப்பிடணும்னு ஆசப்பட்டேன். உங்க வீட்டுக்கு வந்தா அது நடக்காதுல்ல."

சொல்லிவிட்டு இடிக்காகக் காத்து நின்றாள். இடி விழவில்லை. மாறாக, ஜலீல் பாயே நேரில் வந்து, பாலாடையும் ஐஸ்கிரீமும் மலையாய்க் குவிந்த பெரிய ஜிகர்தண்டா ஒன்றைச் சோலையம்மாள் முன்னே வைத்து, "நீங்க கேட்டது போலவே, சர்பத் தூக்கலா" என்று அறிவித்துச் சென்றார். சர்க்கரை நோய் வந்து ஆறு வருடமாகி, குடும்பமே காவல் காக்கும் சோலையம்மாள் அந்தக் கோப்பையைப் பார்த்தாள், தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள். பிறகு முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைத் திருப்பிக் காட்டினாள்.

"வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாச்சு. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொருக்க வரச் சொன்னாங்க. என்ன சாப்பிடணும்னு லேபுல ஒண்ணும் சொல்லல."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சோலையம்மாளுக்கு அடங்கவில்லை, சிரித்துவிட்டாள். சிரித்து முடிக்கையில் முகம் மாறியிருந்தது.

"மூணு மாசத்துக்கு ஒருக்க, இந்த ஒரு காலைலதான் நான் அடுப்புப் பத்த வைக்காம வெளிய வாரேன். வர்ற வழியெல்லாம் ஒரே சந்தோசமா இருக்கும். எங்க வீட்டுல உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்றாத." குரலைத் தாழ்த்தினாள். "உன்னய என் வீட்டு அடுப்படிக்குள்ள விட்டுட்டு நான் பாட்டுக்கு நிக்கிறேன் பாரு, அப்பல்லாம் எனக்கு இது தோணவே இல்லத்தா. மொதல்ல அந்த வாளியக் கீழ வையி. உக்காரு. டேய் அழகு, அட்டையத் திருப்பிப் பிடி, இல்லாட்டி இங்கிட்டு வா."

அப்பொழுது, அவைப்புலவீர், கோரிப்பாளையத்து முச்சந்தி ஆட்டோக்கள் எல்லாம் ஒருசேர ஆரவாரிக்க, கல்யாண வேனின் மேளக்காரர் பசியாறி எழுந்து காரணமின்றி ஒரு தட்டுத் தட்ட, தோசைக்கல்லினின்று வெண்புகை வானளாவ எழ, தோற்றவரும் வென்றவரும் இன்னாரென்று பிரித்தறிய மாட்டாத அப்பெரும் போர்க்களத்தின் நடுவே, எழுந்திருக்கத் துடித்த கால்களைக் கட்டுப்படுத்தி, பரபரத்த கைகள் இரண்டையும் மேசைமேல் சும்மா வைத்து, கரண்டியேந்திய கரத்தாள், கத்தரிக்காய் ஏலம் விட்ட கொற்றவை, சபதம் முறித்தும் புகழ் குன்றா வீரத்திருமகள் தமிழ்ச்செல்வி, தன் மதினிக்குப் பக்கத்து நாற்காலியில் வீற்றிருந்தாள்.

ஜலீல் பாய் வந்து அவள் தட்டில் ரெண்டு இட்லி வைத்து, ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.