பெட்டி மேல் என் முகம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், வருஷங்கள் மாறிப்போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரு விழாவில் என் வீட்டுக்காரருக்குச் சால்வை போட்டு, தொழில் தொடங்க எது காரணம் என்று கேட்டார்கள். "பத்துக் குடும்பம் பொழைக்கோணும்னுதானுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. (சபையில் எழுந்து பேசக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.)

அறுபத்தைந்தாம் வருஷமோ அறுபத்தாறோ, இவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அங்கே முதலாளி சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே பேசுவாராம். அந்த நாற்காலி மேல்தான் இவருக்கு ஆசை. நல்லூரில் கொட்டகை பிடித்துச் சொந்தக் கம்பெனி வைத்தபோது, தையல் மெஷின் வருவதற்கு முன்பே நாற்காலி வந்து இறங்கியது. பத்துக் குடும்பமாம்!

பனியன் பெட்டி மேல் ஒட்டும் லேபிளுக்கு ஒரு படம் வேண்டும். அவரவர் சாமி, குழந்தை, கிளி என்று வைத்திருந்தார்கள். வரைகிறவர் கூலி கேட்டாராம், இவருக்கு மனசு வரவில்லை. எங்கள் கல்யாண போட்டோவில் தன்னை வெட்டி எறிந்துவிட்டு என்னை மட்டும் அச்சுக்கு அனுப்பிவிட்டார். (கட்டிங் மாஸ்டர் அல்லவா, பிசிறில்லாமல் வெட்டியிருந்தார்.) என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சேவூரில் என் அப்பா வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால், ராவுத்தர் கடை அலமாரியில் என் முகம் பன்னிரண்டு! உதட்டில் சிவப்புச் சாயம் வேறு. கீழே, 'உடம்போடு ஒட்டி உழைக்கும்' என்று கொட்டை எழுத்து. மறுநாள் சந்தை. அப்பா அந்தக் கடைக்கு வருவார். பார்த்தால் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "அத்தனையும் குடுங்க" என்றேன்.

"ஏனுங்க அம்மிணி, பன்னண்டு பொட்டியுமா?"

"எங்க ஊட்ல ஆம்பளைங்க அதிகமுங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீங்களா?"

"இல்லீங்க, எங்க அக்கா."

"அதானே பாத்தேன். அக்கா நல்ல லட்சணம்."

(அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.)

எருமைப்பால் விற்றுச் சேர்த்த காசில் பாதி அங்கேயே போனது. திரும்பும் வழியில் அவிநாசியில் இறங்கி, மீதிக் காசில் இன்னொரு கடையையும் காலி செய்தேன். அத்தனையையும் மாட்டுக்கொட்டகைப் பரண் மேல் வைக்கோலுக்குள் ஒளித்தேன். மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு!

நாலாம் நாள் இவர் மாட்டுக்கொட்டகைக்கே குதித்துக்கொண்டு வந்தார். "புள்ள, ஒரே நாள்ல தீந்துபோச்சாம்! ராவுத்தர் ரெண்டு பங்கு கேக்கறாரு. லேபிளுக்கு மறுபடி சொல்லிட்டேன்!"

எவ்வளவு என்றேன்.

"பத்தாயிரம்."

என் முகம் பத்தாயிரம். வாங்கி ஒளிக்க எந்த எருமை அவ்வளவு கறக்கும்? ஆத்திரத்தில், எருமைக்குப் போடப் பரணிலிருந்து வைக்கோலைப் பிடுங்கினேன். பெட்டிகள் பொலபொலவென்று இவர் தலையில் விழுந்தன.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க மூஞ்சியப் போட வேண்டியதுதானே?"

"என் மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான்?" கீழே கிடந்த பெட்டிகளைப் பொறுக்கி அடுக்கினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"பல்லடத்துலயும் நம்ம சரக்கு விக்கற கடை ஒண்ணு இருக்குது புள்ள."

பத்து நாள் நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, ஆர்டர் அப்படி.

இப்போது கம்பெனியைப் பார்க்கும் மகனுக்குச் சரக்கு தேங்கினால், பேரப்பிள்ளைகள் என்னைக் காட்டி "அப்பாயியக் கடைக்கு அனுப்புங்கப்பா" என்று சிரிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். பல்லடத்துச் சரக்கும் அந்த வாரமே தீர்ந்தது. அதையும் நான்தான் வாங்கினேன் என்று இவர் இன்றுவரை சாதிக்கிறார். சத்தியமாக நான் பல்லடம் போகவில்லை. அப்படியென்றால் என் முகத்தைப் பார்த்து யாரோ நிஜமாகவே வாங்கியிருக்கிறார்கள். அது யாரென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.