மஞ்சள் கருவும் மாமனார் வயதும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் கடவுள் துணையில் சுகமாக இருக்க வேண்டுமென்று காலை ஜெபத்தில் உங்கள் பெயரைத் தவறாமல் சொல்லிவருகிறேன். இங்கே சுகமா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது, அதனால்தான் இரண்டு தாள்.

நான்கு மாதத்துக்கு முன் உன் அத்தானுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து எனக்கு மாமனார் ஞாபகம்தான். செருப்பு மாட்டக் குனிந்த மனுஷன் நிமிரவேயில்லை, ஐம்பத்திரண்டு வயது. இவருக்கு அந்த வயது வர இன்னும் ஒன்பதே மாதம். நான் சும்மா இருப்பேனா? பத்திரிகையில் வந்த உடல்நலப் பக்கங்களை எல்லாம் வெட்டி ஒட்டிப் படித்து, ஒரு மஞ்சள் கருவில் நூற்றெண்பத்தாறு மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்று கண்டுபிடித்து, அவருக்கு வெள்ளைக் கரு மட்டும் என்று சட்டம் போட்டேன். மஞ்சளை என்ன செய்வது? ஆண்டவன் கொடுத்ததைக் கொட்டினால் பாவம், அதனால் நானே சாப்பிட்டேன். இதற்கென்று ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கும் எழுதினேன்: அவர் பக்கத்தில் சுழியம், என் பக்கத்தில் நாளுக்கு இரண்டு. நோட்டில் இருநூற்று இருபத்தாறு மஞ்சள் கரு என் பெயரில் நிற்கிறது. அவர் பிழைத்து நான் போனாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்கு ஒருவராவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் விழுங்கினேன்.

போன வாரம் இரண்டு பேருக்கும் பரிசோதனை. எனக்கு நூற்று நான்கு. அவருக்கு நூற்று எண்பத்தொன்று. தாள் மாறிவிட்டது என்று ஆய்வுக்கூடத்துப் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன். டாக்டரம்மா நிதானமாக அவரைப் பார்த்து, "சாயங்காலம் என்ன சாப்பிடுவீங்க?" என்றார். "நான் வேலை பாக்கற அச்சகத்துக்குப் பக்கத்துல பேக்கரி இருக்கு டாக்டர். வெறும் வெள்ளைக் கரு நாலு மணிக்கு மேல தாங்கல," என்கிறார் இந்த மனுஷன், ஏதோ நான் பட்டினி போட்டது மாதிரி. தினமும் ஒரு கிரீம் பன், நான்கு வெண்ணெய் பிஸ்கட்.

"முட்டையில இருக்கறது நெறைய பேருக்கு ரத்தத்துல கொஞ்சந்தான் ஏத்தும்மா. சிலருக்குக் கூடுதலா ஏத்தும். கல்லீரலே கொலஸ்ட்ரால் தயார் பண்ணும். வெண்ணெய், வனஸ்பதிதான் அதை இன்னும் தூண்டி விடறது. நீங்க வாசல்ல நின்னு காவல் காத்தீங்க, அது ஜன்னல் வழியா வந்துடுச்சு," என்றார் டாக்டரம்மா. கல்லீரல் தயார் பண்ணுவதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை இவர் தொடமாட்டேன் என்கிறார். "எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ நோட்டை மூடு," என்கிறார்.

ஆகவே தம்பி, நீ மருந்துக் கடையில் இருப்பவன், உன் பேச்சை மதிப்பார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், நீயே யோசித்து எழுதுவது போல, மாத்திரை சாப்பிடச் சொல்லிக் கொஞ்சம் பயமுறுத்தி ஒரு கடிதம் போடு.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாதிருக்க வேண்டுகிற,
அக்கா.

பின்குறிப்பு: நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே என்று மேலே எழுதியதை மறந்துவிடு. தபாலில் போடக் கொடுத்ததை, அச்சகத்தில் பிழை திருத்தியே பழகிய மனுஷன், பேனாவும் கையுமாக வாசித்துவிட்டார். "அப்பாவுக்கு அம்பத்திரண்டுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். இறப்புச் சான்றிதழில் இருக்கிறதே என்றேன். "அது பள்ளிக்கூடத்து வயசு. சேர்க்கறதுக்காக வாத்தியார் ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டாரு. அப்பாவுக்கு நெசமா அம்பதுதான். நான் அதைத் தாண்டி ஒரு வருஷமாச்சு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன் பாரு." எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மண்டியிட்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்தபோதுதான் தோன்றியது. "உங்க வயசைப் போட்டது யாரு?" என்றேன். பேனாவை மூடி வைத்தார். "அதே வாத்தியார்தான்," என்றார். அப்படியானால் இவருக்கு இப்போது நாற்பத்தொன்பது. மாமனார் போன ஐம்பதுக்கு அதே ஒன்பது மாதம். எனவே கடிதத்தை உடனே போடு. என்னென்ன எழுத வேண்டும் என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே பயமுறுத்தச் சொல்கிறார்.